ஆறு பேர் தொட்டி

மொட்டைமாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியின் அடியில் இருந்த வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தான் பீமாராவ். கொஞ்சம் திருகினால் போதும், தண்ணீர் பின்சந்துச் சாக்கடைக்குப் போய்விடும். கீழே வாசல் பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் அவன் அப்பா சோணைமுத்து படுத்திருந்தார்.

கைப்பேசி அடித்தது. தங்கச்சி பவதாரிணியின் வீட்டுக்காரன் விக்ரம். அவனும் கீழே பந்தலில்தான் நின்றிருந்தான். ஃபோனில் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பது அவனுடைய தொழில் நம்பிக்கை. பிளாட் போட்டு விற்கிறவன்.

“தொறந்துட்டீங்களா மச்சான்? மூணு மணிக்குக் குட்டியானை லோடு வண்டி வந்துரும். அம்புட்டுத் தண்ணியும் வத்தணும்ல.”

“இன்னைக்கேவா மாப்ள?”

“வண்டிய முந்தியே சொல்லிட்டேன். ஃபார்ம் ஹவுஸ்ல எடம் சும்மா கெடக்குது, கிரேன்காரனும் இன்னைக்கு விட்டா சித்திரைத் திருவிழா முடிஞ்சுதாங்கிறான். மாமாவுக்குச் செய்யிறதுல ஒரு கொறையும் வைக்க மாட்டேன். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.”

பீமாராவ் வால்வைத் திருகவில்லை.

தொட்டி என்பது அப்பா வைத்த பெயர். வாங்கியபோது அதன் பெயர் ஹாட் டப். போன வருஷம் கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில், குளிரில் பல் கிடுகிடுக்க, கழுத்துவரை வெந்நீரில் கிடந்த மயக்கத்தில் பீமாராவுக்கு அந்த எண்ணம் வந்தது. எண்ணம் மலையிலேயே நின்றிருந்தால் பரவாயில்லை. அவனோடு பஸ் ஏறி அவனியாபுரம் வந்துவிட்டது.

“மதுரையில பத்து மாசம் தெருவுல நின்னாலே அதானங்க நடக்குது?” என்றாள் அவன் மனைவி முத்துமீனா. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

“அப்பா முதுகுக்குத்தாண்டி” என்றான் பீமாராவ். பஸ்ஸில் காலமெல்லாம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற முதுகு அது. வலி இருந்தது. ஆனால் அது யாரிடமும் தொட்டி கேட்கவில்லை.

கிரேன் வைத்துத் தொட்டியை மாடிக்கு ஏற்றிய அன்று தெருவே கழுத்தை நிமிர்த்தி நின்றது. பீமாராவ் வேலைபார்க்கும் இன்ஜினியரிங் கல்லூரியில் மறுநாள் அதைப்பற்றித்தான் பேச்சு. அவன் அதில் மொத்தம் மூன்று தடவை உட்கார்ந்தான். முதல் தடவை போட்டோவுக்கு. இரண்டாம் தடவை, போட்டோவைப் பார்த்துவிட்டு வந்த துறைத்தலைவருக்காக. மூன்றாம் தடவை தனியாக உட்கார்ந்து வியர்த்து ஒழுகி, தண்ணீருக்குள் இருந்துகொண்டே தண்ணீர் கேட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே விவாதம்தான். வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா? கரண்ட், குளோரின், ஃபில்டர், மாடித்தளத்தின் பாரம் என்று முத்துமீனா ஒரு பக்கம். உடம்புக்கு நல்லது, ரத்த ஓட்டம் என்று பீமாராவ் இன்னொரு பக்கம். அவன் பக்கம் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை. தொட்டியே அவருக்காகத்தான் என்பது பேச்சுவாக்கில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

முதல் மாதம் அவர் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தார். தன் டிப்போவில் வேற்றூர் வண்டி நிற்பதைப் பார்ப்பதுபோல. ஒருநாள் விடியற்காலையில் இறங்கிவிட்டார். அப்புறம் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஹீட்டரைத் தொட்டதே கிடையாது. “வெயிலு சுட வச்சது விடியுற வரைக்கும் நிக்கிது, அதுக்கு எதுக்குக் கரண்டு?” தொட்டிக்குள் ஆறு பேர் உட்காரும்படி குழிவாக இருக்கைகள் உண்டு. மேற்கு மூலை அவருடையது. அங்கிருந்து பார்த்தால் முதல் விமானம் இறங்குவது தெரியும். பல் விளக்கப் போகும்முன் அந்த மூலை விளிம்பில் தன் பச்சைத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் போவார்.

“எதுக்குப்பா துண்டு? யாரு வந்து ஒக்காரப் போறா?”

“மாட்டுத்தாவணி பஸ்டாண்டுல சீட்டுச் சண்டை தீத்தே தலை நரைச்சவன்டா நான். துண்டு கெடந்தா ஆளு வருதுன்னு அர்த்தம். அம்புட்டுத்தான் சட்டம்.” பிறகு மாடிப்படியைப் பார்த்து, டிப்போ குரலில், “உள்ள அஞ்சு சீட்டு காலி! ஏறுறவக ஏறலாம்!” என்பார்.

யாரும் ஏறியதில்லை. “எருமை கணக்கா ஊறிக்கிட்டுப் பிளேனு பாக்குறாராம் பிளேனு. காப்பி ஆறுது, எறங்கி வாங்க!” என்று கீழேயிருந்து அம்மா ஒச்சம்மாள் கத்துவாள். வண்டி ஒற்றை டிக்கெட்டோடு போய்வரும்.

முந்தாநாள் இரவு விக்ரம் வந்திருந்தான். அலங்காநல்லூர்ப் பக்கம் அவன் கட்டும் ஃபார்ம் ஹவுஸுக்குத் தொட்டி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றான். பீமாராவுக்கு மூச்சே லேசானது. தோற்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். “எடுத்துக்கங்க மாப்ள” என்று சொல்லிவிட்டான். சாப்பிட்டு எழுந்த அப்பா கை கழுவப் போகிற வழியில் நின்றார்.

“பூராத் தண்ணியையும் தெறந்து விடணுமோ?”

“ஆமாப்பா. இல்லாட்டித் தூக்க முடியாது.”

“ம்” என்று போய்விட்டார்.

நேற்று விடியற்காலை வழக்கம்போலக் குளித்துவிட்டு, அம்மாவின் சத்தத்துக்குக் கீழே இறங்கி வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். டம்ளரோடு அம்மா வெளியே வந்தபோது தலை சாய்ந்திருந்தது.

பீமாராவ் வால்வை விட்டுவிட்டு எழுந்தான். மேற்கு மூலையில் பச்சைத் துண்டு கிடந்தது. ஒரு நாள் வெயிலில் காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தது.

கீழே வந்தபோது விக்ரம் தெருமுனையில் ஃபிளக்ஸ் கட்டவைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாடி உயரம். ‘எங்கள் பாசமிகு மாமா’வைவிட ‘கண்ணீருடன் மருமகன்’ பெரிய எழுத்து. அப்பாவுக்கு நல்ல போட்டோ எதுவும் இல்லை. அடையாள அட்டைகளில் எல்லாம் திருடனைப் பிடித்து நிறுத்தியதுபோல இருப்பார். தேடிப்பிடித்து எடுத்தது தொட்டியில் உட்கார்ந்து சிரித்த படம். அச்சகத்துக்காரன் தோளோடு வெட்டி, அதற்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டையை ஒட்டி, பின்னால் இருந்த வானத்தைச் சொர்க்கத்து மேகமாக விரித்துவிட்டிருந்தான். நெற்றியில் நீர்த்துளிகள் மட்டும் அப்படியே இருந்தன. சொர்க்கத்திலும் வேர்த்துக்கொண்டிருந்தார்.

துஷ்டி கேட்க வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

“வெந்நித் தொட்டிக்குள்ளயே போயிட்டாராமே?”

“இல்லண்ணே. நாற்காலில.”

“கொதிச்சுப்போயிட்டாருன்னுல்ல பஜார்ல பேசிக்கிறாக.” வந்தவர் ஏமாற்றத்தை மறைக்கப் பார்த்தார். “சரி, வந்தது வந்தோம். மேல ஒருக்க ஏறிப் பாத்துட்டு வந்துரட்டா?”

பதினொரு மணிவாக்கில் ஊரிலிருந்து பங்காளிகள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். அலங்காநல்லூர் தாண்டி உள்ளே போகும் ஊர். அப்பாவின் பெரியப்பா மகன் மருதுதான் அதில் மூத்தவர். பெட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை. “என்னடா, வேட்டிய இம்புட்டு வெளுப்பாக் கட்டிருக்க” என்று கேட்டுவிட்டு, திரும்பி, “நீர்மாலைக்கு எங்கப்பா போகணும்?” என்றார்.

அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போகவேண்டும். சங்கு முன்னால் போக, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்து, கிணற்றிலோ கண்மாயிலோ குடங்களில் முகந்து வரவேண்டும். தெருவில் கிணறு இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. கண்மாய் இருந்த இடத்தில் விக்ரம் விற்ற பிளாட்டுகள். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது. வீட்டு போர்வெல்லில் நேற்றிலிருந்தே காற்றுதான் வந்தது.

“கவலையே படாதீக. கேன் தண்ணி ஒரு லோடு சொல்லிர்றேன். மினரல்” என்றான் விக்ரம், ஃபோனை எடுத்தபடி.

“கேன்லயா?” மருது அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சங்கு ஊதிக்கிட்டுப் போயி மூடியத் திருகிட்டு வரணுமா மாப்ள?”

“சுத்தமான தண்ணி மாமா. சீல் பிரிக்காதது.”

“செத்தவனுக்குக் காச்ச வந்துரும்னா சீலு பாக்குறிய?”

லாரித் தண்ணீர் சொல்லலாம் என்றார் ஒருவர். வர ராத்திரியாகும் என்றார் இன்னொருவர். பெட்டியின் தலைமாட்டில் நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் நிமிர்ந்தாள்.

“மேல தொட்டி நெறையாத் தண்ணி கெடக்குல்ல. அங்க எடுங்க.”

விக்ரம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, “அத்தே, அது குளிச்ச தண்ணி” என்றான்.

“குளிச்சது யாரு? அவருதான? அவரு தண்ணி அவருக்கு ஆகாதா?”

“இல்லத்தே, நான் என்ன சொல்ல வாரேன்னா, இந்நேரம் அது பாதி வத்திருக்கும். மச்சான் அப்பவே தொறந்துவிட்டாரு.”

அம்மா பீமாராவைப் பார்த்தாள். மாடியிலிருந்து பக்கச்சுவர் வழியாகப் பின்சந்துக்கு இறங்கும் குழாயையும் பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது.

“தொறக்கலம்மா” என்றான் பீமாராவ்.

நீர்மாலை புறப்பட்டது. வீட்டு வாசலில் இறங்கி, இடதுபக்கம் திரும்பி, வெளிப்படிக்கட்டில் ஏறினால் முடிந்துவிடும் தூரம். சங்கு ஊதுகிறவருக்கு அது சரிப்படவில்லை. தொழில் தர்மத்துக்காகத் தெருமுனை வரை ஒரு நடை போய்த் திரும்பினார். நாலு பேர் நாலு மூலை பிடித்த வேட்டிக்குக் கீழே, இடுப்பில் ஈரத்துண்டும் கையில் பித்தளைக் குடமுமாகப் பீமாராவ் நடந்தான். படிக்கட்டு ஒரு ஆள் அகலம். வேட்டி கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. “மெள்ள, மெள்ள, கிழிச்சுராதீகப்பா” என்று மருது பின்னாலிருந்து குரல் கொடுத்தார். முத்துமீனா முன்னால் ஓடித் தொட்டியின் மூடியைத் தள்ளிவைத்தாள். மேலே வந்து சேர்ந்த சங்கு, மூச்சு வாங்கியதில், பாதியில் இருமியது.

பங்காளிகள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். நீலத் தண்ணீரில் வெயில் நெளிந்தது. யாரும் உடனே குடத்தை இறக்கவில்லை. மருது மட்டும் குனிந்து, விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

“சுடுது.”

“வெயிலு பெரியப்பா.”

“இதுக்குள்ளயே எறங்கி ஒக்காருவானா?”

“தெனமும்.”

“யாரும் ஒண்ணும் சொல்றதில்ல?”

பீமாராவ் சிரிக்கப் பார்த்தான். “அம்மாதான் வைவா.”

மருதுவும் லேசாகச் சிரித்தார். “ஊர்ல பண்ணைக்காரக கெணத்துல மோட்டாருத் தொட்டி உண்டு. நாத்து நட்டு முடிச்சா நமக்கெல்லாம் வாய்க்கால்ல வார தண்ணிதான். சேத்தக் கழுவிக்கிரலாம். ஒருநா மத்தியானம் ஒங்கப்பன் தொட்டிக்குள்ளயே குதிச்சுப்புட்டான். எட்டு வயசோ ஒம்பது வயசோ. அடிக்கவெல்லாம் இல்ல அவனை.” குடத்தைத் தண்ணீரில் அமுக்கினார். அது குபுகுபுவென்று நிறைந்தது. “பூராத் தண்ணியையும் தெறந்துவிட்டுட்டு, தொட்டியத் தேச்சுக் கழுவுனாக. இவன வரப்புல நிப்பாட்டிப் பாக்க வச்சாக.”

குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “நட, நேரமாகுது.”

பீமாராவ் குடத்தை இறக்கினான். அது நிறைய வெகுநேரம் பிடித்தது.

மூன்று மணிக்குக் குட்டியானை வந்தது. தொட்டி ஏற்ற வந்த வண்டி என்று பந்தலில் யாருக்கும் தெரியாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து பூ கொண்டுவந்தவர், சாவு வீட்டு வாசலில் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்திய காலி வண்டியைக் கண்டதும் ஏறி வேலையை ஆரம்பித்துவிட்டார். விக்ரம் வந்து பார்த்தபோது வண்டி முழுக்க செவ்வந்தி. முகப்பில் ரோஜாவில் ஒரு மயில்கூட உட்கார்ந்துவிட்டது.

“யோவ், இது இல்லய்யா! சொர்க்க ரதம் வருதுய்யா! ஏசி வச்சது!”

சொர்க்க ரதம் வந்துதான் இருந்தது. தெருமுனைவரை. அங்கே விக்ரம் கட்டிய ஃபிளக்ஸின் சவுக்குக் கம்புகளைத் தாண்டி உள்ளே நுழைய அதற்கு இடம் போதவில்லை. பின்னால் போய், முன்னால் வந்து, ஒரு கம்பை உரசி, சொர்க்கத்து மேகத்தில் ஒரு கிழிசல் போட்டுவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, “மாமாவ இறக்குறீகளா, இல்ல நான் கெளம்பவா?” என்று ஃபிளக்ஸைக் காட்டிக் கேட்டார்.

விக்ரம் ஃபிளக்ஸைப் பார்த்தான். பூச்சுமந்து நின்ற குட்டியானையைப் பார்த்தான். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“இதுலயே போயிருவோம் மச்சான்” என்றான்.

மயானம்வரை வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிப்போட்டது. விக்ரம் பின்னால் ஏறி, வெள்ளைச் சட்டை முழுக்கப் பூவும் தண்ணீருமாக, அப்பாவின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். வழியெல்லாம் அவன் யாருக்கும் ஃபோன் பண்ணவில்லை.

திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. மயானம் போய்வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலில் இருந்ததோ கை கால் நனைக்க ஒரு வாளி. மற்றவர்கள் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மருதுவையும் சேர்த்து ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். மருது வாளியைப் பார்த்தார். வெளிப்படிக்கட்டைப் பார்த்தார். கேட்கவில்லை.

“மேல வாங்க பெரியப்பா” என்றான் பீமாராவ்.

மாடியில் முதலில் மருதுதான் வேட்டியை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டு, டவுசரோடு ஒரு காலை உள்ளே விட்டார். காலை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி விட்டார். அப்புறம் இன்னொரு காலையும். ஒவ்வொருவராக இறங்கினார்கள். குழிவுகளில் உட்கார்ந்து, கழுத்துவரை தண்ணீர் வந்ததும் பேச்சு நின்றுபோனது. ஒருவர் தலையை முக்கி எழுந்தார். மொட்டை போட்டிருந்த பீமாராவ் மருதுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். வருஷம் ஒன்றாகியும் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. இங்கிருந்து மேற்கு வானம் மொத்தமும் தெரிந்தது.

படியேறி விக்ரம் வந்தான்.

“தண்ணி அப்படியே இருக்கு? இத்துனூண்டுகூடத் தொறக்கலையா மச்சான்?”

“இல்ல மாப்ள.”

“அப்ப வண்டிய நாளைக்கு…”

“நாளைக்கும் வேணாம் மாப்ள.”

விக்ரம் ஃபோனை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். உள்ளே இறங்கி, காலியாகக் கிடந்த மேற்கு மூலையைப் பார்த்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனான்.

“மாப்ள” என்றார் மருது, கண்ணைத் திறக்காமலே. “துண்டு கெடக்குல்ல அங்க. ஆளு வருது.”

விக்ரம் துண்டைப் பார்த்தான். திரும்பிவந்து, இடம் கிடைக்காத பயணியைப்போல நடுவில் நின்றுகொண்டான். அப்புறம் நின்றபடியே மெள்ள முழங்காலை மடக்கித் தண்ணீருக்குள் இறங்கினான்.

“அங்கனயே ஊறிக்கிட்டுக் கெடக்காதீக” என்று கீழேயிருந்து ஒச்சம்மாளின் குரல் வந்தது. “காப்பி ஆறுது.”

யாரும் அசையவில்லை. தூரத்தில் ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு தாழ இறங்கியது. ஆறு பேர் இறங்கியதில் தண்ணீர் விளிம்புவரை ஏறி, பச்சைத் துண்டின் நுனியை நனைத்துக்கொண்டிருந்தது.